இரண்டு விரலில் சுழன்ற நட்டு

முப்பது வருஷமாக வண்டிகளுக்கு அடியில் படுத்து எழுந்தவர் அவர். ஸ்பேனரில் இரண்டடிக் குழாயைச் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பின் மொத்த எடையையும் போட்டு அமுக்கினால்தான் அசையவேண்டிய ஒரு நட்டு, அன்றைக்கு அவருடைய இரண்டு விரலுக்கு நடுவே தண்ணீர் பாட்டிலின் மூடி மாதிரி சுழன்றது. முதலில் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. வேறு எதையோ தொட்டுவிட்டோம் என்று நினைத்து விரலை எடுத்தார். துணியில் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டார். அது மறுபடியும் சுழன்றது.

வண்டி அவருடைய சொந்த அக்காவின் பிக்கப். அந்த நட்டை அங்கே போட்டதும் அவரேதான்.

அந்த வட்டாரத்தில் அவரை எல்லோரும் 'உம்கொட்டி' என்றுதான் சொல்வார்கள். பட்டம் சூட்டியது பக்கத்து டயர்க்கடைக்காரர். வண்டியைக் கொண்டுவருகிறவர்கள் குறையை எவ்வளவு நீட்டி முழக்கினாலும் இவர் பதிலுக்கு ஒரு 'உம்' கொட்டுவார். சரியாகிவிடுமா என்றால் உம். நாளைக்குக் கிடைக்குமா என்றால் உம். கிடைக்காது என்பதற்கும் ஒரு உம் இருந்தது, அது கொஞ்சம் நீளமாக இருக்கும். பழகியவர்களுக்கு வித்தியாசம் தெரியும். புதிதாக வருகிறவர்கள்தான் டயர்க்கடைக்காரரிடம் போய் அர்த்தம் கேட்டுக்கொண்டு வருவார்கள்.

பெட்ரோல் பங்குக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட, இரண்டு வண்டி நிற்கிற அளவுக்கு ஒரு பட்டறை. என்ஜின் வேலை அவர் எடுப்பதில்லை. சக்கரம், அதைத் தாங்குகிற கை, ஸ்பிரிங், ஸ்டியரிங் என்று வண்டியின் இடுப்புக்குக் கீழே உள்ள வேலை மட்டும். மற்ற இடங்களில் கண்டுபிடிக்க முடியாத சத்தத்தோடு வருகிற வண்டிகளெல்லாம் கடைசியில் அவர் வாசலில்தான் வந்து நிற்கும். 'அவர் கை வெச்சா வண்டி வாயைத் திறக்காது' என்று சொல்வார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் அவருக்கு உள்ளுக்குள் குளிரும். வெளியே உம் கொட்டுவார்.

தம்பி பேசாமல் மிச்சம் வைத்த பேச்சையெல்லாம் அக்கா பேசித் தீர்த்தார். அவருக்குத் துணி வெளுக்கும் தொழில். இரண்டு தங்கும் விடுதிகள், ஒரு சிறிய மருத்துவமனை, மூன்று இடத்துப் படுக்கை விரிப்புகளும் அவரிடம்தான் வரும். பெரிய மெஷின்கள் நான்கு, வேலைக்குப் பெண்கள் ஆறு பேர், ஒரு வெள்ளைப் பிக்கப். வண்டியை மட்டும் யார் கையிலும் கொடுக்கமாட்டார். 'புருஷனை நம்பி ஒரு தடவை ஏமாந்தாச்சு. டிரைவரை வேற நம்பணுமா' என்பார். அவருடைய கணவர் உள்ளூரிலேயே வேறு ஒரு வீட்டில் சௌக்கியமாக இருந்தார். அக்கா அதைச் சொல்லும்போதுகூட சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

அக்கா முதல் தடவை வந்தது இரண்டு வாரத்துக்கு முன்னால்.

"டேய் தம்பி, வண்டி பேசுதுடா. நேரா போனா ஒண்ணும் இல்ல. வலது பக்கம் ஒடிச்சா முதல்ல 'கிரீச்'சுங்குது. அப்புறம் 'டொக்'குனு ஒண்ணு. எலி ஒண்ணு ஓடுது, பின்னாடியே எவனோ கதவைத் தட்டுறான். அப்படி இருக்கு."

"உம்."

அவர் பாட்டிலில் சோப்புத் தண்ணீர் எடுத்தார். சக்கரத்தைத் தாங்கும் கை சட்டத்தோடு சேருகிற இடத்தில் ரப்பர் புஷ் இருக்கும். காய்ந்துபோனால் அதுதான் கத்தும். தண்ணீர் பட்டதும் கத்தல் நின்றால் திருடன் அதுதான் என்று அர்த்தம். தெளித்தார். காலி வண்டியை வாசலில் இரண்டு சுற்று திருப்பினார். கிரீச் நின்றுபோயிருந்தது.

"ரப்பர் காஞ்சிருக்கு. மாத்திடறேன்."

"அப்ப அந்த டொக்?"

"அதுவும் அதோடதான்."

இந்த ஒரு வார்த்தையைத்தான் பிற்பாடு அவர் வாய்க்குள் போட்டு மென்றுகொண்டே இருந்தார். சத்தம் இரண்டு என்று அக்கா தெளிவாகப் பிரித்துச் சொல்லியிருந்தார். இவர் ஒன்றைப் பிடித்துவிட்டு இரண்டுக்கும் பேர் எழுதிவிட்டார்.

நான்கு நாள் கழித்து அக்கா திரும்ப வந்தார். "எலி செத்துடுச்சு. கதவு தட்டுறவன் இன்னும் போகல." அன்றைக்குப் பட்டறையில் இரண்டு வண்டி காத்திருந்தது. வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் பிடிக்கிற கம்பியின் லிங்க்கை அவர் அசைத்துப் பார்த்தார். லேசாக ஆடியது. இதோ இருக்கிறது என்று இரண்டு பக்கமும் புதிதாக மாற்றினார். காலி வண்டியை ஓட்டிப் பார்த்தார். சத்தமில்லை. அக்கா ஏதோ சொல்ல வந்தார், அதற்குள் இவர் அடுத்த வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

மூன்றாம் தடவை அக்கா காலையிலேயே வந்தார். பின்னால் ஈரம் சொட்டச் சொட்டத் துணி மூட்டைகள், கூண்டு முட்டும் உயரத்துக்கு.

"டிரையர் ரெண்டு கெட்டுக் கெடக்கு, வெளியில காயப்போட எடுத்துட்டுப் போறேன். எறக்கச் சொல்லாத. நீ ஒவ்வொரு தடவையும் காலி வண்டியை ஓட்டிப் பாத்துட்டு சத்தம் இல்லைங்குற. எனக்கு எப்ப கேக்குது தெரியுமா? பாரம் இருக்கும்போதுதான். இப்ப உக்காந்து கேளு. கேக்காம இங்கிருந்து நான் நகரமாட்டேன்."

அவர் ஏறி உட்கார்ந்தார். அக்கா வாசலைவிட்டு வெளியே எடுத்து வலது பக்கம் முழுசாக ஒடித்தார். டொக். ஒரே ஒரு தடவை, அவருடைய காலுக்குக் கீழே, மரக்கட்டையைக் கல்லில் வைத்துத் தட்டினதுபோல. அவருக்கு முகம் மாறியது. அது ரப்பரின் சத்தமில்லை. இரும்பு இரும்பை இடிக்கிற சத்தம்.

பட்டறைக்குத் திரும்பியதும் டயர்க்கடைக்காரரைக் கூப்பிட்டு ஸ்டியரிங்கில் உட்காரச் சொன்னார். வண்டி நான்கு சக்கரத்தில் நிற்க, இவர் பலகையில் மல்லாந்து முன்சக்கரத்துக்குப் பின்னால் நகர்ந்தார். "மெதுவா இந்தக் கோடி, அந்தக் கோடி திருப்பு." அவர் வேலை செய்கிற முறை இதுதான். காதை நம்பமாட்டார், இரும்பில் சத்தம் எங்கே வேண்டுமானாலும் ஓடும். ஒவ்வொரு மூட்டிலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். புது லிங்க்கில் கை வைத்தார். டொக் என்றது, கைக்கு ஒன்றும் வரவில்லை. ஸ்டியரிங் கம்பியின் முனையில் வைத்தார். டொக், ஒன்றுமில்லை. கீழ்க் கையும், சக்கரம் மாட்டித் திரும்புகிற இரும்புத் துண்டான நாக்கிளும் சேருகிற பால் ஜாயிண்டில் வைத்தார்.

அடுத்த டொக் அவருடைய முழங்கைவரை ஏறியது.

கீழ்க் கைக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கினார். ஸ்டாண்ட் வைத்தார். சக்கரத்தைக் கழற்றினார். வண்டியின் பாரத்தை ஜாக்கி வாங்கிக்கொண்டதால் மூட்டு தளர்ந்து நின்றது. கிரீஸும் மண்ணும் அப்பியிருந்த இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு நட்டின் மேல் விரல் வைத்தார். அப்போதுதான் அது சுழன்றது.

நட்டு கழலாமல் இருக்க அதன் குறுக்கே ஒரு பின் போட்டு, இரண்டு காலையும் மடக்கிவிடுவார்கள். ஹேர்பின் கனம்தான் இருக்கும். இங்கே அது இல்லை. உடைந்துபோன மிச்சமும் இல்லை. பின் போகவேண்டிய துளை காலியாக, உள்ளே மண் அடைத்துக் கிடந்தது. நட்டு தண்டின் நுனிவரை ஏறி வந்திருந்தது. எண்ணினார். இன்னும் மூன்று சுற்று மரைதான் பாக்கி.

ஈரத்துணி மூட்டைகள், அக்கா, முழு வண்டி, எல்லாமே அந்தப் பக்கத்தில் அந்த மூன்று மரையைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கின்றன.

"என்னண்ணே, கெடச்சுதா?" என்றார் டயர்க்கடைக்காரர். உம்கூட இல்லை. குனிந்து பார்த்தார். இவர் மல்லாந்தபடியே, நட்டை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, மேலே இரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே நகர்ந்து வந்தார். கழற்றிப் போட்ட சக்கரத்தின்மேலேயே உட்கார்ந்தார்.

"ஏன்டா பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றார் அக்கா.

அவர் கையை விரித்துக் காட்டினார்.

"இது என்ன?"

"சக்கரத்தைப் புடிச்சிருக்கறது."

"அது ஏன் உன் கையில இருக்கு?"

"கையாலயே கழட்டினேன். ஸ்பேனர் எடுக்கல."

அக்கா நட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "தானா கழண்டிருந்தா?"

"சக்கரம் வெளிப்பக்கமா மடங்கிடும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் பிரேக்கை மிதிச்சாலும் ஒண்ணும் நடக்காது."

"எப்ப கழண்டிருக்கும்?"

"எப்ப வேணும்னாலும். இப்ப வாசல்ல ஒடிச்சியே, அப்பகூட."

அக்கா தினமும் போகிற வழியில் ஒரு இறக்கம் உண்டு. இறக்கத்தின் முடிவில் வலது பக்கம் ஒரு வளைவு, வளைவின் ஓரத்தில் சிமெண்டுக் கால்வாய். கைப்பிடிச் சுவர் கிடையாது. அந்த வளைவில்தான் டொக் எப்போதும் கேட்கும் என்று அவரே இரண்டு தடவை சொல்லியிருந்தார். இப்போது அவர் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"யாரு போட்டது இதை?"

டயர்க்கடைக்காரர் தரையைப் பார்த்தார்.

"நான்தான்" என்றார் தம்பி.

போன வருஷம், பதினோரு மாதத்துக்கு முன்பு, அதே வண்டிக்கு அந்த மூட்டை மாற்றியது அவருக்கு நன்றாக ஞாபகமிருந்தது. நட்டை முறுக்கியது ஞாபகம். பின்னைச் செருகி, இடுக்கியால் ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் மடக்கியது ஞாபகம். மடங்கும்போது வருகிற அந்தச் சின்ன 'கிளிக்'கூட ஞாபகம். சத்தியம் செய்யச் சொன்னால் செய்திருப்பார். எழுந்து போய் அலமாரியின் மேல்தட்டில் துழாவினார். பழைய அட்டைப்பெட்டிகளை அவர் தூக்கிப் போடுவதில்லை, ஆணி திருகாணி போட்டுவைக்க ஆகும். அந்த அளவு ஜாயிண்டின் பெட்டிகள் நான்கு இருந்தன. மூன்றாவது பெட்டியின் அடியில் ஒரு கிழிந்த பிளாஸ்டிக் உறை. நட்டை எடுப்பதற்காக உறையைக் கிழித்திருந்தார். உள்ளே ஒரு புதுப் பின், நேராக, எண்ணெய்ப் பளபளப்புக்கூடப் போகாமல் கிடந்தது.

அப்போதுதான் அந்த நாள் அதன் சரியான வரிசையில் திரும்பி வந்தது. நட்டைக் கையால் வைத்துச் சும்மா இறுக்கியிருந்தார். ஸ்பேனருக்குக் கை நீட்டியபோது போன் அடித்தது. மனைவி வேலை செய்கிற தையல் கம்பெனியிலிருந்து பேசினார்கள். வயிற்று வலியில் சுருண்டு விழுந்துவிட்டார், உடனே வாருங்கள் என்றார்கள். பட்டறையில் ஓடுகிற நிலைமையில் வேறு வண்டி இல்லை. சக்கரத்தைத் தூக்கி மாட்டி, சக்கர நட்டுகளை மட்டும் இறுக்கி, அதே பிக்கப்பை எடுத்துக்கொண்டு பறந்தார். குடல்வால் வெடித்துவிட்டது, இன்னும் ஒரு மணிநேரம் தாமதித்திருந்தால் சொல்லமுடியாது என்றார் டாக்டர். எட்டு நாள் மருத்துவமனை. வண்டியை அக்கா மருத்துவமனை வாசலிலிருந்தே எடுத்துக்கொண்டு போய்விட்டார். இவர் அதற்கு அடியில் திரும்பப் போகவே இல்லை. மனசு மட்டும் பாக்கி வேலையைத் தானே செய்து முடித்து, கிளிக் சத்தம்வரை சேர்த்து வைத்துக்கொண்டது.

அத்தனையையும் அவர் அக்காவிடம் சொன்னார். அவ்வளவு நீளமாக அவர் பேசி டயர்க்கடைக்காரர் கேட்டதே இல்லை.

"விடுங்கண்ணே" என்றார் அவர். "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. அவசரத்துல யாருக்கும் வர்றதுதான்."

அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. "மறந்தது சரிடா. பொண்டாட்டி உசுரு போற நேரத்துல எனக்கும் மறந்திருக்கும். ஆனா இந்த ரெண்டு வாரம்? மூணு தடவை வந்து சொன்னேன். ரெண்டு சத்தம்னு சொன்னேன். பாரம் இருந்தாதான் வருதுன்னு சொல்ல வந்தேன், நீ அடுத்த வண்டிக்கு அடியில பூந்துட்ட. கேட்டியா நீ? வெறும் உம் கொட்டின."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். டயர்க்கடைக்காரருடைய வண்டியில் மூட்டைகளை மாற்றி ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அக்கா பேசாமல் போனதை அந்த வாசல் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மத்தியானம் தாண்டியும் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். தண்ணீர் குடிக்கப் போனவர் பாதி வழியில் நின்றார். இன்னொன்று ஞாபகம் வந்தது. அந்த எட்டு நாளில், மூன்றாம் நாளிலிருந்து, மத்தியானத்தில் இரண்டு மணிநேரம் பட்டறைக்கு வந்து போனார். கண் எரிய எரிய வேலை பார்த்தார். அப்போது கையில் இருந்தது ஒரே ஒரு வண்டி. அதற்கும் இதே வேலை, இரண்டு பக்கமும்.

அது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வேன்.

பட்டறையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு பைக்கை எடுத்தார். வழியெல்லாம் அந்த வேனுக்கு அடியில் என்ன செய்தோம் என்று யோசித்தார். ஒரு துளிகூட வரவில்லை. நட்டு, பின், எதுவும் வரவில்லை. அந்த மத்தியானங்கள் முழுவதும் வெள்ளைச் சுவராக இருந்தன. செய்யாததை அவ்வளவு தெளிவாக ஞாபகம் வைத்திருந்த மண்டை, இதில் ஒன்றுமே இல்லை என்று கையை விரித்தது.

பள்ளிக்கூட வாசலுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது மணி அடித்துவிட்டது. வேனில் பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், பிள்ளைகளின் பைகளை ஒவ்வொன்றாக வாங்கி உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். இவர் வேனுக்கு முன்னால் பைக்கைக் குறுக்கே நிறுத்தினார்.

"ஐயா, வண்டியை எடுக்காதீங்க."

"என்ன தம்பி, மூச்சு வாங்குது?"

"உங்க வண்டிக்கு நான் வேலை பார்த்தேன்ல, போன வருஷம். ஒரு பின் போட்டேனா இல்லையான்னு எனக்குத் தெரியல. போடலைன்னா சக்கரம் கழண்டு போயிடும்."

பெரியவர் கையிலிருந்த பையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "பதினோரு மாசமா இவங்களை இதுலதான கொண்டுபோறேன்" என்றார். அது கேள்வியும் இல்லை, கோபமும் இல்லை. சொல்லிவிட்டு உள்ளே எட்டிப்பார்த்து, "எல்லாரும் எறங்குங்க கண்ணுகளா" என்றார்.

பிள்ளைகள் இறங்கி வரிசையாக நடைபாதையில் நின்றார்கள். பதினான்கு பேர். இவர் எண்ணவேண்டும் என்று நினைக்கவில்லை, கண் தானாக எண்ணியது. தெருவிலேயே மல்லாந்து படுத்து வேனுக்கு அடியில் தலையை நுழைத்தார். அழுக்குச் சட்டைக்காரர் ஒருவர் தரையில் நீந்துவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

இடது பக்கம் டார்ச் அடித்தார். பின் இருந்தது. ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே, அவர் எப்போதும் மடக்குகிற மாதிரி. நகர்ந்து வலது பக்கம் போனார். அங்கேயும் இருந்தது. நம்பாமல் விரலால் ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. அவருடைய கை அவருக்குத் தெரியாமலே வேலையைச் சுத்தமாக முடித்து வைத்திருந்தது.

வெளியே வந்ததும் பெரியவர் கேட்டார். "இல்லையா?"

"இருக்கு. ரெண்டும் இருக்கு."

"அப்புறம் ஏன் அழுவுறீங்க?"

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தபிறகுதான் அவருக்கே தெரிந்தது.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னார். அவர் சமையலறை மேடையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தவர், நட்டு விஷயம் வந்ததும் நிறுத்தினார்.

"ஏங்க, அன்னிக்கு என்னைத் தூக்கிட்டுப் போனது அந்த வண்டியிலதான?"

"உம்."

"ஆஸ்பத்திரி முக்குல நீங்க வேகமா ஒடிச்சீங்க. அப்ப 'டொக்'குனு ஒண்ணு கேட்டுச்சு. எனக்குள்ளதான் என்னமோ ஒடைஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். டாக்டர்கிட்டகூட சொன்னேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அக்காவையும் பிள்ளைகளையும் நினைத்துக் காலையிலிருந்து செத்துப் பிழைத்தவர், அன்றைக்கு அந்த வண்டியை கண்மண் தெரியாமல் விரட்டியபோது உள்ளே இருந்தது தானும் மனைவியும்தான் என்பதை அதுவரை நினைக்கவே இல்லை. நட்டை முறுக்கக்கூட முறுக்காமல் போட்டுக்கொண்டு ஓடிய முதல் ஓட்டம் அது. மனைவியும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வெங்காயம் பாதியில் கிடந்தது. "அக்காகிட்ட நான் பேசவா?" என்று கடைசியில் மனைவி கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினார்.

மறுநாள் வேலையைத் தொடங்கினார். ஜாயிண்டை மட்டும் மாற்றினால் போதாது. நட்டு தளர்ந்து ஆடிய மாதங்களில் தண்டு இடித்து இடித்து நாக்கிளின் துளை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. அதில் புது ஜாயிண்டைப் போட்டாலும் இறுகாது, மறுபடி தளரும். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற மூன்று இடத்தில் தேடி, துளை கெடாத ஒரு நாக்கிள் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் புது ஜாயிண்ட். முறுக்கி முடித்ததும் பின் போட்டு மடக்கினார். டயர்க்கடைக்காரரைக் கூப்பிட்டார்.

"இதைப் பாரு. பின் இருக்கா?"

"இருக்குண்ணே."

"அந்தப் பக்கம்?"

"அங்கயும் இருக்கு. என்னண்ணே, என்னைப் போயி சாட்சிக்குக் கூப்புடுறீங்க?"

"ஆமா. என்னை நான் நம்பல."

எதற்கெடுத்தாலும் சிரிக்கிற டயர்க்கடைக்காரர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. குனிந்து இரண்டு பின்னையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் அக்காவுக்குப் போன் போட்டு வண்டி தயார் என்றார். அக்கா நடந்தே வந்தார். வணக்கமும் இல்லை, வசவும் இல்லை. "வா, முதல்ல என் எடத்துக்குப் போய்ப் பாரம் ஏத்தலாம்" என்றார். ஏற்றினார்கள். ஈரத்துணிதான், அன்றைக்கு இருந்த அதே உயரத்துக்கு. தம்பி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார், அக்கா பக்கத்தில். இரண்டு தெருவில் வலது பக்கம் ஒடித்தார். சத்தமில்லை. ரவுண்டானாவில் முழுச் சுற்று சுற்றினார். சத்தமில்லை.

"எறக்கத்துக்குப் போ" என்றார் அக்கா.

இறக்கத்தின் உச்சியில் வண்டி வந்தபோது கீழே கால்வாய் தெரிந்தது. அடியில் கொஞ்சம் தண்ணீர், ஓரத்தில் யாரோ விட்டுப்போன ஒரு செருப்பு. எல்லாம் சரியாக இருக்கிறது என்று அறிவுக்குத் தெரியும், டயர்க்கடைக்காரர் தொட்டுப் பார்த்த சாட்சியும் இருக்கிறது. ஆனாலும் கால் பிரேக்கைவிட்டு எழவில்லை. வண்டி அங்கேயே நின்றது. பின்னால் வந்த ஒருவர் ஹாரன் அடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்.

"முடியலக்கா" என்றார்.

அக்கா அவரைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கி, வண்டியைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார். "தள்ளு."

"நீ வேண்டாம். யாரும் வேண்டாம். வண்டியைத் திருப்பிடலாம்."

"பதினோரு மாசம் ஒண்ணும் தெரியாம ஓட்டினேன்டா. இப்ப தெரிஞ்சுக்கிட்டு ஓட்டமாட்டேனா? தள்ளு."

அவர் நகர்ந்தார். அக்கா கண்ணாடியைச் சரிசெய்து, கியரைப் போட்டு, வேகமும் இல்லாமல் நிதானமும் இல்லாமல், தினம் போகிறபடியே இறக்கத்தில் விட்டார். வளைவு வந்தது. வலது பக்கம் ஒடித்தார். மூட்டைகள் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தன. அவர் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, காலுக்குக் கீழே ஒரு கட்டை தட்டுப்படுவதற்காகக் காத்திருந்தார். டயர் ரோட்டில் உரசுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. கால்வாய் பின்னால் போனது.

அக்காவின் ஒரு கை கதவின் பிடியிலேயே இருந்ததை வண்டி நேரான பிறகுதான் அவர் கவனித்தார்.

அந்த மாதம் முழுக்க அவர் தன் வாயாலேயே வருகிறவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொன்னார். அக்கா யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களில் இரண்டு பேர் அதற்குப்பின் வரவில்லை. வேன் டிரைவர் வருவதை நிறுத்தவில்லை, ஆனால் வேலை முடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தானே குனிந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். சில நாள் ஒரு மணிநேர வேலைக்கு இவருக்கு மூன்று மணிநேரம் பிடித்தது. மாட்டிய சக்கரத்தை மறுபடி கழற்றி உள்ளே பார்ப்பார். ஒருமுறை ஒரே சக்கரத்தை நான்கு தடவை கழற்றினார். ஐந்தாம் தடவை போனபோது டயர்க்கடைக்காரர் வந்து ஸ்பேனரைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நான் பாத்தாச்சுண்ணே, இருக்கு" என்று சொல்லவேண்டியிருந்தது. வண்டி எப்போது சத்தம் போடுகிறது, பாரத்தோடா காலியாகவா, எந்தப் பக்கம், எத்தனை விதமாக என்று ஒவ்வொருவரிடமும் அவர் கேட்கத் தொடங்கினார். கேட்டதைச் சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டார்.

அக்கா ஒரு மாதம் பட்டறைப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் பிக்கப் வந்து நின்றது.

"பிரேக் அடிச்சா லேசா இடது பக்கம் இழுக்குது" என்றார் அக்கா. "எறக்கத்துல மட்டும். நேர்ரோட்டுல இல்ல. மழை பெஞ்ச அன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. போன வாரத்துல இருந்து."

அவர் சாக்பீஸை எடுத்து நான்கையும் வரிசையாக எழுதினார். எழுதி முடித்துவிட்டுத் திரும்பினார்.

"வேற ஏதாவது?"

அக்கா யோசித்தார். "அந்தப் பக்கக் கதவு கண்ணாடி சரியா ஏறமாட்டேங்குது. அதை அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, சாவியை அவர் கையில் கொடுத்து, வாசலில் கிடந்த பழைய டயரின்மேல் உட்கார்ந்துகொண்டார்.